ஜப்பான் படத்து நீர்க்காகம்

"எவன்டா இதை இங்க மாட்டினான்?"

தனசேகரன் மேஸ்திரி போட்ட சத்தத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த கோ சோவின் கை பாதியில் நின்றது. பழனியப்பன் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து உதறி, மறுபடியும் வைத்துக்கொண்டார். சுரேந்திரன் ஆற்றைப் பார்த்தான். ஆற்றில் பார்க்க ஒன்றும் இல்லை. அது எப்போதும் போலச் சேற்று நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பர்மாவில், க்யிம்யிண்டைங் படித்துறையில் இருக்கிறது ரஹ்மத்துல்லா பாயின் மீன் குடோன். படகில் வரும் மீனை இறக்கி, எடை போட்டு, ஐஸ் வைத்து அனுப்புகிற இடம். தராசுக்கு நேர் மேலே, நேற்றுவரை பாசி மட்டும் பிடித்திருந்த சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம் தொங்கியது.

"ஜப்பான் படம் மேஸ்திரி," என்றாள் ரஹீமா. தராசு அவள் பொறுப்பு. பாய்க்குத் தம்பி மகள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசி, காலில் ரப்பர் பூட்ஸ் போட்டு, அத்தனை ஈரத்திலும் ஒரு சொட்டு மேலே படாமல் உட்கார்ந்திருப்பாள். "நண்டு வாங்கறதுக்குப் பேச வந்தாரே ஒரு ஜப்பான்காரர், அவர் பெரியத்தாவுக்குக் குடுத்தது. மரப்பலகையில செதுக்கி, மை தடவி, தாள்ல ஒத்தி எடுக்கறதாம்."

"அதைக் கொண்டாந்து நம்ம தலைக்கு மேல ஏன் மாட்டணும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் வரும்போதே தொங்குச்சு."

தனசேகரன் மீசையை நீவிக்கொண்டு படத்தின் அருகே போனான். கருநீலத்தில் ஒரு இரவு ஆறு. படகு மூக்கில் இரும்புக் கூடை கட்டி அதில் தீ எரிகிறது. பொறி பறக்கிறது. படகில் நிற்கிறவன் இடுப்பில் வைக்கோல் பாவாடை, தலையில் துணிக்கட்டு, வழித்த முகம். அவன் கையிலிருந்து கயிறு கயிறாக இறங்குகிறது. ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் தண்ணீருக்குள் ஒரு கறுப்புப் பறவை. ஒரே ஒரு பறவை மட்டும் படகு விளிம்பில் ஏறியிருக்கிறது. அதன் தொண்டையை அவன் பிடித்திருக்கிறான். வாயிலிருந்து ஒரு மீன் பாதி வெளியே வந்திருக்கிறது.

"வாத்தா அது?"

"நீர்க்காகம் மேஸ்திரி," என்றார் பழனியப்பன். குடோனில் மூத்த சுமைகாரர் அவர். நாற்பது கூடை இறக்கினாலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்.

"கழுத்துல எதுக்குக் கயிறு?"

சுமைகாரன் சுரேந்திரன் செல்போனை எடுத்து, விபிஎன் போட்டு, சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில் ஒரு வீடியோவைப் பிடித்தான். "இப்படித்தான் மேஸ்திரி. கழுத்துல ஒரு சுருக்கு. பறவை முங்கி மீனைப் பிடிக்கும். பொடி மீன்னா தொண்டையில இறங்கிரும். பெரிய மீன் இறங்காது, சுருக்கு விடாது. இந்த ஆளு கயித்தை இழுத்து, தொண்டையை அமுக்கி, கக்க வெச்சு எடுத்துக்குவான்."

"பறவை சும்மாவா இருக்கும்?"

"பொடி மீன் கிடைக்குதே."

தனசேகரனுக்குக் காதுமடல் சூடாகியது. குடோன் முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டான்.

"புரியுதாடா உங்களுக்கு? இல்ல, மண்டையிலயும் ஐஸ் வெச்சிருக்கீங்களா? அந்தப் பறவை யாரு? நாமதான்! முங்கறது நாம. மூச்சு முட்டறது நாம. மீன் யாருக்கு? கயிறு பிடிச்சவனுக்கு! இதைத்தான் பாய் படம் போட்டுக் காட்டறாரு. வாயால சொல்ல வெக்கம், சுவத்துல ஆணி அடிச்சுச் சொல்றாரு."

"நாமன்னா, நீங்களுமா மேஸ்திரி?" என்றார் பழனியப்பன்.

"பின்ன? நான் உழைக்கறவன் இல்லையா?"

பழனியப்பனுக்கு இருமல் வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கூடை எடுக்கப் போய்விட்டார். பயந்துவிட்டார் என்று தனசேகரன் நினைத்தான். உழைத்து உழைத்து முதுகு வளைந்தவனுக்குக் கோபப்படவும் பயம்தான். கோபத்தையும் இவர்களுக்காக மேஸ்திரிதான் பட வேண்டியிருக்கிறது.

அன்றைய வேலை அந்தக் கொதிப்பிலேயே போயிற்று. படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகை வழுக்கியது. கூடையிலிருந்து வடிந்த மீன் தண்ணீர் சுமைகாரர்களின் பிடரி வழியாக முதுகில் இறங்கி, கைலியை நனைத்து, கணுக்காலில் சொட்டியது. தனசேகரன் பலகையோரம் நின்று, "கால் பாத்து வை! கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் அப்பாவும் அதே இடத்தில் நின்று அதையேதான் கத்தினார்.

வேலை முடிந்ததும் கைமீன் வந்தது. கூலி தனி. அது போக, ஆட்கள் வீட்டில் குழம்பு வைக்கட்டும் என்று பாய் தினமும் ஒரு கூடை மீன் கொடுப்பார். பங்கு வைப்பது மேஸ்திரி. அப்பா காலத்து முறைப்படி தனசேகரன் கூடையைச் சாக்கில் கவிழ்த்தான். மேலாக விழுந்த இரண்டு கெண்டையையும், தடித்த உல்லம் ஒன்றையும் மேஸ்திரி மரியாதையாகத் தன் பையில் போட்டுக்கொண்டான். மீதியை ஆளுக்குச் சமமாக, ஒரு கெளுத்திகூட ஏறாமல் குறையாமல் பிரித்தான். பங்கு விஷயத்தில் அவன் கை சுத்தம்.

"என்னா அநியாயம் பாத்தியா," என்று பையின் வாயைக் கட்டிக்கொண்டே சுரேந்திரனிடம் சொன்னான். "கழுத்துல சுருக்காம்ல, சுருக்கு!"

"ஆமா மேஸ்திரி," என்றான் சுரேந்திரன், தன் பாலித்தீன் பைக்குள் பார்த்துக்கொண்டு.

போகிறபோது தனசேகரன் யாரும் கவனிக்காத மாதிரி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிய வந்து பார்த்தால் படம் நேராகத் தொங்கியது. அது மட்டுமில்லை. பழைய சின்ன ஆணி போய், படகுப் பலகைக்கு அடிக்கிற பெரிய ஆணி வந்திருந்தது. கரண்ட் இல்லை. ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த சாம்பல் வெளிச்சத்தில் கண்ணாடி மட்டும் மினுங்கியது.

"ஓகோ! பதில் சொல்றாரா?" என்று பல்லைக் கடித்தான்.

அப்போது கோ சோ பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தான். கோ சோ பர்மாக்காரன். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் தனசேகரன் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தது. வந்த புதிதில், "எருமை, எருமை" என்று மேஸ்திரி அவசரப்படுத்துவதைக் கேட்டு, எருமை என்றால் சீக்கிரம் என்று அர்த்தம் போல என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் லாரி கிளம்புகிற நேரத்தில் ரஹ்மத்துல்லா பாயைப் பார்த்து, "பாய், எருமை வாங்க, எருமை வாங்க!" என்று கையைத் தட்டிக் கூப்பிட்டுவிட்டான். அதிலிருந்து அவன் தமிழைத் திருத்துவதைத் தனசேகரன் தன் கடமையாக எடுத்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி, மீசை போட்டாச்சு!" என்றான் கோ சோ.

"என்னது?"

"மீசை. போட்டாச்சு. நல்லா இருக்கு."

"மீசை இல்லடா, வீசை! வீ! எடை போட்டா 'வீசை போட்டாச்சு'. இத்தனை வருசமாத் தராசு பக்கத்துலயே நிக்கற, இதுகூடத் தெரியாதா? சொல்லு."

கோ சோ சுரேந்திரனைப் பார்த்தான். சுரேந்திரன் தோள் துண்டின் முனையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"வீசை போட்டாச்சு," என்றான் கோ சோ பணிவாக.

"ஆங். அப்படிப் பேசணும். ஆனா எடை போடறது ரஹீமா வேலை. நீ ஏன் தராசுல கை வெச்ச? போ, ஐஸைப் பாரு, எருமை."

கோ சோ சீக்கிரமாகப் போனான்.

அன்று மாலை தனசேகரன் ஒரு கோணியை எடுத்துப் படத்தின் மேல் போர்த்தினான். யாராவது கேட்டால், ஈரம் படுகிறது, பாயின் சாமான் கெட்டுவிடக் கூடாதே என்று மூடினேன் என்று சொல்லலாம். நல்ல பதில். தனக்குத்தானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த நாள் அந்தக் கோணி படத்துக்குக் கீழே நாலாக மடித்துக் கால்மிதியாகக் கிடந்தது. படத்தின் சட்டம் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"துடைச்சு வேற வெச்சிருக்காரு!" தனசேகரன் பழனியப்பன் பக்கம் திரும்பினான். "ஏண்ணே பழனியண்ணே, அவமானத்தைத் தூசி தட்டி வெக்கற முதலாளியை எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"மூடி வெச்சா மட்டும் இல்லேன்னு ஆயிருமா மேஸ்திரி?" என்றார் பழனியப்பன். அது நாலு வார்த்தையைத் தாண்டியிருந்தது. அதை யோசிக்கத் தனசேகரனுக்கு நேரமில்லை.

பிடுங்கி எறிந்தால்தான் சரி என்று முடிவு செய்தான். அன்று எல்லாரும் கைகால் கழுவ ஆற்றுப்படிக்குப் போன நேரத்தில், படத்தைக் கழற்றிக் கோணியில் சுற்றி, மீன் பைக்கு அடியில் வைத்து, சைக்கா ரிக்‌ஷாவில் ஏறி வீட்டுக்குக் கொண்டுபோனான். எறிவதற்குத்தான் நினைத்தான். ஆனால் சட்டம் தேக்கு. தேக்கை ஆற்றில் போட யாருக்கு மனசு வரும்?

"என்னங்க இது, இருட்டா ஒரு படம்?" என்றாள் அவன் பெண்டாட்டி ராதா. வீட்டிலும் கரண்ட் இல்லை. சார்ஜ் லைட்டைப் பிடித்துப் பார்த்தாள். "ஐயோ பாவம், இந்தப் பறவை வாயில இருக்கறதைப் புடுங்கறானே கட்டையில போறவன்."

"பாத்தியா? உனக்கே கொதிக்குதுல்ல?"

"பெரிசைப் புடுங்கிட்டு அதுக்கு எதைக் குடுப்பான்?"

"பொடி மீனை."

ராதா அரிவாள்மணையில் கெண்டையை வைத்து வாலை வெட்டினாள். "பொடி மீன்ல புளி ஊத்திக் கொழம்பு வெச்சு எத்தனை நாளாச்சு! ஒருநாளைக்குக் கொஞ்சம் கொண்டாங்களேன். தினம் இந்தக் கெண்டையையே தின்னு நாக்கு செத்துப்போச்சு."

"மேஸ்திரி வீட்டுல பொடி மீனா? ஆளுங்க என்ன நினைப்பாங்க? ஒரு மரியாதை வேண்டாம்?" என்று சீறினான் தனசேகரன்.

லைட் வெளிச்சத்தில் படத்தை மறுபடி பார்த்தான். கயிற்றுக்காரனுக்கு முறுக்கின மீசை. முதல் நாள் ஆத்திரத்தில் இது கண்ணில் படவில்லை போல. என்ன திமிரான மீசை! அடுத்தவன் மீனைத் தின்று வளர்த்த மீசை! படத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, உல்லம் வறுவலோடு சாப்பிட்டுப் படுத்தான். இனி நிம்மதி.

நிம்மதி காலையில் குடோன் வாசல்வரைதான் வந்தது.

"படத்தைக் காணோம்," என்றாள் ரஹீமா. "இங்கேருந்து ஒரு சாமான் காணாமப் போனா என் தலைதான் உருளும். நாளையிலேருந்து எல்லாரும் போறப்ப பையைத் திறந்து காட்டிட்டுத்தான் போகணும்."

"நல்ல யோசனை," என்றான் சுரேந்திரன்.

"ரொம்ப நல்ல யோசனை," என்றார் பழனியப்பன்.

"என்னா நல்ல யோசனை?" தனசேகரன் துள்ளினான். "மேஸ்திரி பையைச் சோதிக்கறதா? என் அப்பா இருந்த இடம் இது! அவர் பையை எவனாவது தொட்டிருப்பானா?"

"உங்க பையில என்ன இருக்கப்போவுது மேஸ்திரி? கைமீன்தான?" என்றாள் ரஹீமா. "காட்டறதுல என்ன?"

என்ன என்று தனசேகரனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பறவைக்குக் கழுத்தில் சுருக்கு, தனக்குப் பையில் சுருக்கு. பாய் எங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார் பார்!

வேறு வழியில்லை. படம் திரும்பி வந்துவிட்டால் சோதனையும் நின்றுவிடும். மறுநாள் காக்கை கரைவதற்கு முன்னால் வந்து, ஐஸ் பெட்டி மேல் ஏறி, அந்தப் பெரிய ஆணியில் படத்தை மாட்டினான். கோணல். நேராக்கினான். மறுபடி கோணல். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஏற்றினான்.

"சரியா இருக்கு மேஸ்திரி," என்று பின்னால் சத்தம் கேட்டது.

சுரேந்திரன், பழனியப்பன், கோ சோ, மற்ற ஆட்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். ஒருத்தன் கையில் காலைச் சாப்பாட்டு மொஹிங்கா பொட்டலம் பாதியில் நின்றது.

"மேஸ்திரியே மாட்டிட்டாரு!" என்றான் சுரேந்திரன். யாரோ கை தட்டினார்கள்.

தனசேகரன் ஐஸ் பெட்டி மேலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் மானம் போய்விடும். நின்ற இடத்திலிருந்தே குரலை உயர்த்தினான்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். நான்தான் மாட்டினேன். எதுக்கு? ஆதாரம் வேணும்! இன்னைக்கு நான் பாய்கிட்ட நேருக்கு நேர் கேக்கப்போறேன். கேட்டு, பதில் சரியில்லேன்னா, நாளைக்கு ஒரு கூடை இறங்காது. வேலை போனாலும் போகட்டும். என் அப்பன் வேலை, என் வேலை, எது போனாலும் சரி! யார் யார் என்கூட வரீங்க?"

சோம்பேறிகள், ஒருத்தனும் வரமாட்டான் என்று நினைத்துத்தான் கேட்டான். வந்தால் அப்புறம் நிஜமாகவே கேட்க வேண்டியிருக்கும்.

"எல்லாரும் வர்றோம்," என்றார் பழனியப்பன்.

"எ... எல்லாருமா?"

"எல்லாரும். ஆனா இப்ப வேண்டாம் மேஸ்திரி. வேலை முடிஞ்சு, கைமீன் பிரிச்சு, அவங்கவங்க பங்கைக் கையில வாங்கிட்டுப் போகலாம். அப்பதான் பாய் நிதானமா இருப்பாரு. நீங்க அந்தப் படத்துல என்ன இருக்குன்னு முழுசா விளக்கிச் சொல்லணும். எங்களுக்கு உங்க மாதிரிப் பேச வராது."

தனசேகரனின் நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை நாள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்தவர்களுக்குத் தன் கோபம் உயிர் கொடுத்துவிட்டதே! அன்று பகல் முழுவதும் பலகையோரம் நின்று மனதுக்குள் பேசிப் பார்த்தான். யாரையும் திட்டக்கூட மறந்துபோனான்.

கைமீன் வந்தது. வழக்கம் போலப் பிரித்தான். அன்று வந்ததில் ஒரு கெண்டை அபூர்வமானது. ஒரு வீசைக்கு மேல் இருக்கும். செவுள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. போராட்டத்துக்குப் போகிற நாளும் அதுவுமாக நல்ல சகுனம் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு படத்தைக் கழற்றி ஒரு கக்கத்தில் இடுக்கி, பையை மறு கையில் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் மாடிப்படி ஏறினான். ரஹீமாவும் தராசை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

ரஹ்மத்துல்லா பாய் மேலே தன் அறையில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுவரை வெள்ளைத் தாடி, மேலுதடு சுத்தமாக வழித்தது. சுவரில் ஒரு கடிகாரம், மக்கா படம் போட்ட ஒரு காலண்டர். வேறு எதுவும் கிடையாது.

"என்ன தனசேகரா, கல்யாண ஊர்கோலம் மாதிரி வர்றீங்க?"

தனசேகரன் படத்தை மேசைமேல் வைத்தான்.

"இது என்னா பாய்?"

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஜப்பான்காரர் குடுத்தது. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லாதீங்க பாய்! கழுத்தைப் பாருங்க. சுருக்கு! ராவும் பகலும் முங்கி, மூச்சடக்கி, தொண்டை வரைக்கும் மீனைக் கொண்டாறது யாரு? இந்த வாயில்லாப் பறவை! அதும் வாயில இருந்து பெரிய மீனைப் புடுங்கிக்கிட்டு, தொண்டையில இறங்குற பொடி மீனை மட்டும் விட்டுக்குடுக்கறானே, இவன் மனுசனா? இவனுக்குன்னு ஒரு மூச்சு முங்கியிருப்பானா? கால் நனைஞ்சிருக்கா? கயிறு பிடிச்சுக்கிட்டு நிக்கறான்! நிக்கறதுக்குக் கூலி! அதுக்கு மேல பெரிய மீன்!"

பின்னால் யாரோ "கேளுங்க, கேளுங்க" என்றார்கள். தனசேகரனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"மூஞ்சியைப் பாருங்க பாய், அந்தத் திமிர் பிடிச்ச மூஞ்சி! மீசையைப் பாருங்க! அடுத்தவன் வயித்தில அடிச்சு வளத்த மீசை!"

பாய் அறியாமல் தன் வழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"ஏழை வாயில இருந்து புடுங்கித் தின்னா அது உடம்புல ஒட்டுமா? ஒட்டாது பாய், ஒட்டவே ஒட்டாது!" என்று கையிலிருந்த பையை மேசைமேல் ஓங்கி அடித்தான் தனசேகரன்.

பை வாய் பிளந்தது. பெரிய கெண்டை ஒரு துள்ளுத் துள்ளி, சாயா டம்ளரைத் தட்டி, படத்தின் கண்ணாடிமேல் விழுந்து, வாலால் இரண்டு அடி அடித்துவிட்டு, பாயைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் பின்னாலேயே உல்லம் ஒன்று மெதுவாக வழுக்கி வெளியே வந்தது.

பாய் மீனைப் பார்த்தார். பிறகு தனசேகரனுக்குப் பின்னால் நின்றவர்களின் கைகளைப் பார்த்தார். கோ சோ தன் பாலித்தீன் பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். அடியில் கொஞ்சம் பொடி மீன், ஒரு கெளுத்தி. பழனியப்பனும் தூக்கினார். சுரேந்திரனும் தூக்கினான். எல்லாப் பையும் ஒன்றுபோலச் சப்பையாகத் தொங்கியது.

"தினமும் நான் ஆளுக்கொரு நல்ல மீன்னு சொல்லித்தான கூடையை அனுப்பறேன்?" என்றார் பாய் மெதுவாக.

"அது... அது மேஸ்திரி மரியாதை பாய். அப்பா காலத்துலேருந்து... அது வேற விசயம். நாம பேச வந்தது படத்தைப் பத்தி. இந்தப் படத்தை எங்க தலைக்கு மேல மாட்டி எங்களை நீங்க..."

"நான் எங்க மாட்டினேன்?" பாய் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருசத்துல என் அறையில ஒரு குருவி படம் பாத்திருக்கியா நீ? உசிருள்ளது எதையும் நாங்க படம் மாட்டற வழக்கம் இல்லேன்னு உனக்குத் தெரியாதா? குடுத்தவர் மனசு நோகக் கூடாதேன்னு வாங்கினேன். அன்னைக்கே கீழ சாமான் அறையில போடச் சொல்லிட்டேன். அப்புறம் அதை நான் கண்ணாலயே பாக்கல."

பையை மூடுவதா, மீனைப் பிடிப்பதா, படத்தைத் தூக்குவதா என்று தெரியாமல் தனசேகரனின் கைகள் மூன்றுக்கும் போய் மூன்றையும் எடுக்காமல் திரும்பின. கெண்டை இன்னொரு முறை துள்ளி, கண்ணாடியை வாலால் வழித்துவிட்டுத் தரையில் விழுந்தது. வால் பட்ட இடத்தில், படத்தில் இருந்தவனுக்கு ஒரு பக்கத்து மீசை கறுப்பாகக் கரைந்து கன்னம் வரை இழுபட்டிருந்தது.

"அப்ப," என்று ஆட்கள் பக்கம் திரும்பினான். குரல் முதல் நாள் போல வரவில்லை. "அப்ப, எவன்டா இதை அங்க மாட்டினான்?"

பழனியப்பன் சும்மாட்டை உதறினார். சுரேந்திரன் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தான். கோ சோதான் ஓரடி முன்னால் வந்து, மேஸ்திரி திருத்திக் கொடுத்த தமிழை ஒவ்வொரு எழுத்தாகக் கவனித்து, மிகுந்த பணிவோடு சொன்னான்:

"அன்னைக்கு நான் தமிழ் சரியாத்தான் பேசினேன் மேஸ்திரி. மாட்டினது நாங்க, அந்தக் கயிறு பிடிச்ச ஆளுக்கு நாங்க போட்டது வீசை இல்ல, மீசைதான்."